ஏன் போனான் என்று கேட்காத கதைகள்

சென்ற வருடம் சிறுகதைப் போட்டியொன்றுக்கு வந்த பிரதிகளை வாசித்துப் புள்ளியிடும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. ஆரையம்பதிச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி, கையில் பொதியோடு காங்கேயனோடைக்கு நடந்து வந்தேன். அன்றிரவே வாசிக்கத் தொடங்கினேன். மொத்தம் முப்பத்தொரு கதைகள். அவற்றில் ஏழு, 2019 ஏப்ரல் 21ஆம் திகதியை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொட்டன. அந்த ஏழு கதைகளிலும் ஒரே இளைஞன் வந்தான். தாடி வைத்திருந்தான். காற்சட்டை கரண்டைக்கு மேலே நின்றது. உம்மாவோடு சண்டை பிடித்தான், மௌலூத் ஓதும் வீட்டுக்குள் புகுந்து சத்தம் போட்டான், கடைசிப் பக்கத்தில் காணாமல் போனான். இவன் ஏன் அந்தக் கூட்டத்துக்குப் போனான் என்று ஏழு பேரில் எவரும் கேட்கவில்லை. "வெளிநாட்டுப் பணம்", "மூளைச்சலவை", "வழிகேடு" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுக் கதையை நகர்த்தியிருந்தார்கள்.

புள்ளி போட என் கை எழும்பவில்லை. அதற்கு இலக்கியக் காரணம் மட்டும் இருந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். பத்தொன்பது வயதிலிருந்து இருபத்தாறு வயதுவரை நானும் ஒரு கடும்போக்கு ஜமாஅத்தில் இருந்தவன். அது ஆயுதம் தூக்கிய கூட்டமல்ல. இன்றும் அதில் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதைச் சாப்பிடலாம், யார் பின்னால் தொழலாம், எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாம் என்பதையெல்லாம் அது தீர்மானித்தது. அந்த ஏழு கதைகளிலும் வந்த தாடிக்காரனுக்குள் நான் என்னைத் தேடினேன். காணவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்டிப்பான மார்க்கப் பற்று வேறு, வன்முறை வேறு. தஹஜ்ஜுத்துக்கு எழும்புகிறவனையும் குண்டு கட்டுகிறவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது அநியாயம். 2019க்குப் பிறகு அந்த அநியாயத்தை நாடு நமக்குச் செய்தது. நாமும் நமக்குள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டோம். கண்டிப்பான குழுக்களும் ஒரு கொள்கைக்காரரின் தனிச்சொத்தல்ல. தௌஹீத் அமைப்புகளிலும் தரீக்கா வட்டங்களிலும் அவை உண்டு. வாவிக்கரையின் தமிழ்க் கிராமங்களில் புதிதாக எழும்பிய சபைகளிலும் உண்டு. முப்பது வருடம் இந்த மண்ணை ஆட்டிப்படைத்த ஆயுத இயக்கங்களுக்கும் அந்தக் குணம் இருந்தது. எனவே என் கேள்வி கொள்கை பற்றியதல்ல. ஒருவன் ஏன் போகிறான், ஏன் தங்குகிறான், எப்படித் திரும்புகிறான் என்பதுதான் கேள்வி.

கைவசம் உள்ள மூன்று சொற்கள்

மூளைச்சலவை என்பது நமக்கு மிகவும் வசதியான சொல். பிள்ளையில் பிழையில்லை, குடும்பத்தில் பிழையில்லை, ஊரிலும் பிழையில்லை, யாரோ ஒருவன் வந்து மூளையைக் கழுவிவிட்டான் என்று சொல்லி நிம்மதியாகத் தூங்கலாம். மேற்குலகிலும் 1970களில் இதே பேச்சுத்தான் இருந்தது. பிரித்தானிய சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர், மூன் என்பவரின் சபையை வருடக்கணக்கில் அருகிருந்து ஆராய்ந்து 1984இல் நூல் வெளியிட்டார். அந்தச் சபையின் பயிற்சி முகாம்களுக்குப் போனவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் சில வருடங்களுக்குள் தாங்களாகவே விலகினார்கள். மூளையைக் கழுவும் இயந்திரம் ஒன்று இருந்திருந்தால் அது இவ்வளவு மோசமாக வேலை செய்திருக்காது.

பணம் என்பது இரண்டாவது சொல். பணம் கட்டிடம் கட்டும், ஒலிபெருக்கி வாங்கும், சஞ்சிகை அச்சடிக்கும். இருபது வயதுப் பொடியன் ஒருவனைச் சுபஹுக்கு முன்னர் எழுப்பி அழவைக்கப் பணத்தால் முடியாது.

வழிகேடு என்ற மூன்றாவது சொல் ஒரு தீர்ப்பு. தீர்ப்பு சொல்ல ஆலிம்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தீர்ப்பு விளக்கமாகிவிடாது. கதை எழுதுகிறவன் தீர்ப்போடு நின்றுவிட்டால், அவன் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை என்பதே பொருள்.

சேர்தல்

சாதாரண தரத்தில் இரண்டு பாடம் விட்டுவிட்டு, காத்தான்குடியில் ஒரு சாமான் கடையில் நின்றுகொண்டிருந்த காலம் அது. வாப்பா ரியாதில் இருந்தார். வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பள்ளியில் கடைசி ஸப்பில் நிற்பேன். ஸலாம் கொடுத்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விடுவேன். ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு, பெயர் மட்டும் தெரிந்த ஒரு காக்கா என் தோளைத் தொட்டுக் கேட்டார்:

"தம்பி, நேத்து உங்களக் காணல்லியே. சுகமில்லையா?"

அவ்வளவுதான். அவர் தவ்ஹீதைப் பற்றியும் பேசவில்லை, பித்அத்தைப் பற்றியும் பேசவில்லை. நான் வராத நாளை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அடுத்த கிழமை அவருடைய வட்டத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது கிழமை ஹதீஸ் ஒன்றை என்னை வாசிக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் என்னை எழும்பி வாசிக்கச் சொன்ன ஆசிரியர் எவரும் எனக்கு நினைவில்லை. கொள்கை பிறகுதான் வந்தது. முதலில் கிடைத்தது இருக்க ஓர் இடம்.

இது என் தனிக்கதையல்ல. உளவியல் மருத்துவரான மார்க் சேஜ்மன், ஆயுதக் குழுக்களில் சேர்ந்தோரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து 2004இல் எழுதிய நூலிலும் இதைக் காணலாம். அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுசேர்த்தவை நட்பும் உறவும். சித்தாந்தம் அதன் பிறகே இறுகியது. அதற்கு ஆறு நூற்றாண்டுக்கு முன்னரே இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் "அஸபிய்யா" என்று ஒரு சொல்லை வைத்து, மனிதரைக் கூட்டிக் கட்டுவது எது என்று ஆராய்ந்துவிட்டார். அந்தச் சொல்லைப் பரீட்சைக்குப் பாடமாக்கிய நாம் ஊருக்குள் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

இடத்தோடு ஒழுங்கும் கிடைத்தது. 1990 ஓகஸ்ட் 3 இரவு, காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு பல மாதம் இஷாவுக்கு ஆண்களை வெளியே விட உம்மா சம்மதிக்கவில்லை. பழிக்குப் பழியாக இந்தப் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களிலும் உயிர்கள் போயின. ஆரையம்பதிக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த வேலி, அந்த வருடத்தில் எல்லையாக மாறியது. எது எப்போது நடக்கும் என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு, எழும்புவது முதல் படுப்பதுவரை ஒவ்வொன்றுக்கும் விதி சொல்லும் ஒரு வாழ்க்கை சிறையாகத் தெரியாது. கூரையாகத் தெரியும். அந்த வருடம் நடந்ததனால்தான் இது நடந்தது என்று நான் கோடு கிழிக்கவில்லை. அதே வருடத்தைக் கண்ட ஆயிரக்கணக்கானோர் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. ஆனால் அந்தக் கூரையின் கீழ் நான் ஏன் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை அந்த வருடத்தைச் சொல்லாமல் சொல்ல முடியாது.

கண்ணியமும் கிடைத்தது. பெண் வீட்டார் வீடு கட்டிக் கொடுத்தே மகளைக் கரைசேர்க்க வேண்டிய கிழக்கில், "சீதனம் ஹறாம், நான் எடுக்கமாட்டேன்" என்று சொல்லும்போது, சல்லியில்லாத பொடியனும் ஒரு முழ உயரம் வளர்ந்துவிடுகிறான். பெண்களின் கதை இன்னொரு விதம். எங்கட ராத்தா வியாழக்கிழமை வகுப்புக்குப் போகத் தொடங்கியபோது, "ஊட்டு வேலய விட்டுட்டு எங்க போறா?" என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். அவ எனக்குச் சொன்னது: "அங்கதான் தம்பி, நான் பேசி முடியுமட்டும் மத்தவங்க பேசாம இரிக்காங்க." கெய்ரோப் பள்ளிவாசல்களின் பெண்கள் இயக்கத்தைப் பற்றி ஸபா மஹ்மூத் 2005இல் எழுதிய நூலும் இலங்கைப் பெண்களின் மார்க்க வட்டங்களைப் பற்றிய பர்ஸானா ஹனீபாவின் ஆய்வும், இப்பெண்களை ஏமாந்தவர்கள் என்று தள்ளிவிடாமல் கேட்டன. நமது சிறுகதைகளில் வரும் கறுப்பு அபாயாவுக்குள் இன்னும் ஆள் இல்லை.

தங்குதல்

சேர்ந்தவன் ஏன் தங்குகிறான்? இன்பத்தால் மட்டுமல்ல. கொடுத்த விலையாலும் தங்குகிறான்.

நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். ஊர் இமாமுக்குப் பின்னால் ஐந்து வருடம் தொழவில்லை. உம்மம்மாவின் கையால் வந்த கந்தூரிச் சோற்றை, அவ பார்த்துக்கொண்டிருக்கவே கோழிக்குக் கொட்டினேன். மாமாவை, என்னைத் தோளில் தூக்கிச் சுமந்த மனிதரை, முகத்துக்கு நேரே முஷ்ரிக் என்றேன். இத்தனையும் செய்தவன், "நான் போன வழி முழுவதும் சரியல்ல" என்று எப்படி ஒப்புக்கொள்வான்? ஒப்புக்கொண்டால் உம்மம்மாவின் முகம் திரும்பி வந்து நிற்கும். வழி சரியாக இருந்தால்தான் அந்தக் கொடுமைக்கு நியாயம் உண்டு. எனவே வழி சரியாக இருந்தே ஆக வேண்டும். உலகம் அழியும் என்று நாள் குறித்துக் காத்திருந்த ஒரு சிறு அமெரிக்கக் குழுவை லியோன் ஃபெஸ்டிங்கரும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 1956இல் எழுதினார்கள். குறித்த நாளில் உலகம் அழியவில்லை. வீட்டையும் வேலையையும் விட்டு வந்தவர்கள் நம்பிக்கையை விடவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களையும் சேர்க்கப் புறப்பட்டார்கள் என்பது அந்நூலின் வாதம். அதை வாசித்தபோது கோழிக்குக் கொட்டிய சோறுதான் என் நினைவுக்கு வந்தது.

வெளியிலிருந்து விழும் அடியும் உள்ளே இருப்பவரை இறுக்கும். காத்தான்குடியில் பயில்வான் என அறியப்பட்டவரின் தரீக்கா குழுவினரின் வீடுகளும் நிலையமும் 2004இல் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில் அவர் காலமானபோது, அவரை இந்த மண்ணில் அடக்கக்கூடாது என்று எழுந்த எதிர்ப்பு, அடக்கிய உடலைத் தோண்டியெடுப்பதுவரை போனது. அவருடைய கருத்துகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அன்று அடி வாங்கியவர்கள் மனம் மாறி நம்மிடம் வந்து சேர்ந்தார்களா? இல்லை. எந்தத் தரப்பில் நின்றாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

ஸஹ்ரானின் கதையையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். அவர் ஓதிய மத்ரஸா அவரை நீக்கியது. பிறகு சேர்ந்த பள்ளிவாசலும் விலக்கியது. 2017 மார்ச் 10 மோதலுக்குப் பிறகு தலைமறைவான அவரை, அவர் தொடங்கிய அமைப்பும் நீக்கியதாகச் சொன்னது. நீக்கியவர்களை நான் குறை சொல்லவில்லை. காத்தான்குடி மக்கள் அவருக்கெதிராக வீதியில் இறங்கியதும் முறைப்பாடு செய்ததும் பதிவில் உள்ளவை. முறைப்பாட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் அசையவில்லை. 2019 ஏப்ரல் நடுப்பகுதியில், இங்கிருந்து கூப்பிடு தூரத்துப் பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிளை வெடிக்கவைத்துப் பரீட்சித்த பிறகும் அசையவில்லை. ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் உட்பட எத்தனையோ உயிர்கள் போயின. நாடு முழுக்க 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதற்கு எந்த மனக்காயமும் நியாயமாகாது. என் கவலை அவரைப் பற்றியதல்ல. அவரோடு போன பொடியன்களைப் பற்றியது. ஊர் அவரை வெளியே தள்ளியபோது, அவரோடு நின்ற ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ இங்க வா" என்று கையைப் பிடித்தவர்கள் எத்தனை பேர்? தலைவனை விலக்குவது நிர்வாகத்தின் வேலை. பின்னால் நின்றவனைத் திருப்பிக் கூப்பிடுவது யாருடைய வேலை என்று நாம் தீர்மானிக்கவே இல்லை.

விலகல்

நான் விவாதத்தில் தோற்று விலகியவனல்ல. விவாதங்களில் நான்தான் வென்றேன். அதுதான் என்னை அங்கே வைத்திருந்தது.

உம்மம்மா மௌத்தாகி ஏழாம் நாள் கத்தம். நான் கடப்படியில் நின்றேன், உள்ளே போகவில்லை. ஆரையம்பதியிலிருந்து எங்களுக்கு வருடக்கணக்காகத் தயிர் கொண்டுவந்த அக்கா ஒருவர், என்னைக் கடந்து உள்ளே போய் உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். 1990க்குப் பிறகு அவர் எங்கள் வளவுக்குள் கால் வைத்தது அன்றுதான் என்று உம்மா பிறகு சொன்னா. நான் கடப்படியிலேயே நின்றேன். சஹன்கள் வைக்கப்பட்டன. மாமா வெளியே வந்தார், நான் முஷ்ரிக் என்று சொன்ன அதே மாமா. நபிமொழி சொல்லவில்லை, பழையதைச் சொல்லிக்காட்டவும் இல்லை.

"வா மனே. எங்கட சஹன்ல ஒரு ஆள் குறையிது."

நான் அன்று போகவில்லை. தலையை ஆட்டிவிட்டு நடந்துவிட்டேன். ஆனால் அந்த இடம் காலியாக இருக்கிறது என்பது என்னோடு வந்துவிட்டது. விலகுவதற்கு இன்னும் ஒன்றரை வருடம் எடுத்தது. மாமாவிடம் மன்னிப்புக் கேட்கப் போன அன்று, அவர் மாமியிடம் தேத்தண்ணி கேட்டாரே தவிர வேறு பேச்சு எடுக்கவில்லை. கத்தம் பற்றிய என் கருத்து இன்றும் பெரிதாக மாறவில்லை. மாமாவைப் பற்றிய கருத்துத்தான் மாறியது.

நமது மரபில் இது புதிதல்ல. தபூக் போருக்குப் போகாமல் பின்தங்கிய கஃப் இப்னு மாலிக் (ரழி) அவர்களோடு ஐம்பது நாள் மதீனா பேசவில்லை. அந்தத் தனிமையின் நடுவில் கஸ்ஸான் மன்னனிடமிருந்து, எங்களிடம் வந்துவிடுங்கள் என்று கடிதம் வந்தது. ஊர் தள்ளிவைத்தவனை மாற்றுக்கூட்டம் எப்போது தேடி வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். கஃப் அதை அடுப்பில் போட்டார்கள். மன்னிப்பு இறங்கிய அன்று பள்ளியில் இருந்து எழுந்து ஓடிவந்து கைகொடுத்தவர் தல்ஹா (ரழி). அந்தக் கையை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை என்று கஃப் அவர்களே சொன்னதாக வருகிறது. நாம் குத்பாக்களில் ஐம்பது நாள் பகிஷ்கரிப்பை விரிவாகச் சொல்கிறோம். ஓடிவந்த தல்ஹாவை அவசரமாகக் கடந்துவிடுகிறோம்.

கவாரிஜ்கள் ஹரூராவில் கூடியபோது, இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் தனியாக அவர்களிடம் நடந்துபோனார்கள். முதலில், உங்கள் குறை என்ன என்று கேட்டார்கள். முழுவதையும் கேட்ட பிறகே பதில் சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோர் திரும்பி வந்தார்கள் என்பது அறிவிப்பு. பதிலின் பலம் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. கேட்ட காதின் பலத்தையும் பேச வேண்டும்.

பக்கத்து வீட்டிலும் பாடம் உண்டு. 2004இல் புலிகள் இயக்கம் கிழக்கில் பிளந்தபோது, கருணா கலைத்துவிட்ட படையிலிருந்து பெருந்தொகையான பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். முகாம் வாசல்வரை போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்த தாய்மார் இந்த வாவிக்கரைக் கிராமங்களில் இருக்கிறார்கள். அந்தத் தாய்மார் கொள்கை விளக்கம் கேட்கப் போகவில்லை.

2019க்குப் பிறகும் பலர் விலகினார்கள். தாடியை வழித்தார்கள், புத்தகங்களைக் கிணற்றில் போட்டார்கள். 2021இல் அரசாங்கம் 11 அமைப்புகளைத் தடைசெய்தபோது இன்னும் சிலர் ஒதுங்கினார்கள். இது பயத்தால் வந்த விலகல். ஊர் இவர்களைக் கண்டால் பாதை மாறிப் போகிறது. பழைய வீடு இல்லை, புதிய வீடும் இல்லை. இப்படி நடுவில் நிற்கிறவனுக்கு அடுத்த அழைப்பு எங்கிருந்து வரும் என்பதுதான் என் பயம்.

கதைக்குத் திரும்புதல்

நமது எழுத்து இதைச் செய்யத் திறனற்றதல்ல. ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித் எழுதிய "உம்மத்" நாவல், இயக்கத்துக்குப் போய்த் திரும்பிய தமிழ்ப் பெண்களின் மனதுக்குள் போனது. போனதற்கான வீட்டுக் காரணங்களையும், திரும்பி வந்தவளுக்கு ஊர் காட்டிய முகத்தையும் ஒரு முஸ்லிம் பெண் எழுதினார். அயலவரின் பிள்ளைக்குக் கொடுத்த அந்தக் காதை நம் பிள்ளைக்கு நாம் ஏன் கொடுக்கவில்லை? தோப்பில் முஹம்மது மீரானின் "அஞ்சுவண்ணம் தெரு" பழைய நம்பிக்கைகளும் புதிய தௌஹீத் குரலும் மோதும் தெருவைக் காட்டுகிறது. அழியும் உலகத்தின் மீது அவருக்கிருந்த பாசத்தில் நான் கரைந்துபோனேன். ஆனால் புதிய குரலோடு வந்தவர்கள் இரவில் தனியாகப் படுக்கும்போது என்ன நினைத்தார்கள் என்பது எனக்கு அந்த நாவலில் கிடைக்கவில்லை. பெரிய எழுத்தாளரின் பாசமே ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டதென்றால், போட்டிக்கு எழுதிய பிள்ளைகளை மட்டும் நான் எப்படிக் குறை சொல்வது?

அந்த ஏழில் ஒரு கதையில் மட்டும் ஒரு இடம் இருந்தது. மகன் வீட்டை விட்டுப் போன பிறகும் உம்மா ஒவ்வொரு இரவும் ஒரு கோப்பைச் சோற்றை மூடி வைக்கிறா. காலையில் எடுத்துக் காக்கைக்குப் போடுகிறா. கதையில் வேறு பிழைகள் நிறைய. நான் அதற்குத்தான் கூடிய புள்ளி போட்டேன். மற்ற நடுவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பரிசு வேறு கதைக்குப் போனது. அந்தப் பிள்ளை தொடர்ந்து எழுத வேண்டும். மூடிவைத்த சோற்றிலிருந்து தொடங்கினால், மகன் ஏன் போனான் என்பதும் ஒருநாள் கதைக்குள் வரும்.

என்னைத் தோளில் தொட்டுக் கூப்பிட்ட காக்கா இன்னும் அதே ஜமாஅத்தில்தான் இருக்கிறார். சந்தியில் கண்டால் ஸலாம் சொல்லிக்கொள்வோம். அவருடைய கொள்கையில் எனக்குப் பல கேள்விகள் உண்டு. ஆனால் வராதவனைக் கவனிக்கும் பழக்கத்தை அவரிடமிருந்துதான் கற்றேன். எங்கள் பள்ளியில் கடைசி ஸப்பில் நிற்கும் ஒரு பொடியனை மூன்று ஜும்ஆவாகக் காணவில்லை. இதை எழுதி முடித்ததும் அவன் வீட்டுப் பக்கம் போய் வர வேண்டும்.